ஒரு கோட்டை கட்ட எத்தனை டைல் வேணும்? ரசிகர்கள் உருவாக்கும் கேம்களின் அரண்மனை ரகசியம்!

மழை கொட்டும் இரவு. வீட்டுப் பெரியவர் வாளை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். பின்னாலேயே போகிறான் ஒரு சிறுவன். கோட்டைச் சுவரை ஒட்டியிருக்கும் ஒரு புதரைத் தூக்கினால், கீழே ரகசியப் பள்ளம். குதித்தால் நேராகக் கோட்டைக்குள்!

1991-ல் ஜப்பானில் வெளியான ‘தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: ஏ லிங்க் டு தி பாஸ்ட்’ கேம் இப்படித்தான் ஆரம்பிக்கும். சூப்பர் நின்டெண்டோவில் வந்த கேம் அது. முப்பது வருஷங்களைத் தாண்டியும் அந்த ஹைரூல் கோட்டையை மறக்க முடியாதவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஒரு படி மேலே போய், ‘இதே மாதிரி நாமளே ஒரு கேம் செஞ்சா என்ன?’ என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். இதற்குப் பெயர்தான் ஃபேன் கேம். சம்பளம் கிடையாது, விற்பனை கிடையாது. வேலை நேரம் போக மிச்சமிருக்கும் ராத்திரிகளில் செய்யப்படும் கேம்கள் இவை.

அப்படி உட்காருபவர்கள் பலர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் எது தெரியுமா? கதையோ கோடிங்கோ இல்லை, கோட்டைதான். காடு வரைவது ஈஸி. மரம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் மரம்தான். கோட்டைச் சுவர் ஒரு பிக்சல் விலகினால்கூட கண்ணை உறுத்தும். அதிலும் கஷ்டப்பட்டு வரைந்து முடித்த பிறகு, ‘இது உன்னுடையதா, நின்டெண்டோவுடையதா?’ என்ற கேள்வி வேறு காத்திருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் அடிப்படை.

டைல் என்றால் என்ன?

வீட்டுத் தரையில் ஒட்டுகிறோமே, அதே டைல்தான். பழைய கேம்களில் ஸ்கிரீன் முழுவதையும் ஒரே படமாக வரைய மாட்டார்கள். 8-க்கு 8 பிக்சல் அளவில் சின்னச் சின்னச் சதுரங்களை வரைந்து வைத்துக்கொண்டு, அவற்றையே திரும்பத் திரும்ப அடுக்கி ஸ்கிரீனை நிரப்புவார்கள். நான்கு சின்ன டைல்களைச் சேர்த்தால் 16-க்கு 16 பிக்சலில் ஒரு பெரிய கட்டம் கிடைக்கும். ஃபேன் கேம் செய்பவர்கள் பெரும்பாலும் இந்த 16 பிக்சல் கட்டத்தில்தான் யோசிப்பார்கள்.

ஏன் இந்தச் சிக்கனம்? கணக்குப் போட்டால் புரிந்துவிடும். ‘ஏ லிங்க் டு தி பாஸ்ட்’ கேமின் மொத்த அளவே 1 எம்பி. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் போட்டோ சிலது அதைவிடப் பெருசு. சூப்பர் நின்டெண்டோ ஸ்கிரீன் 256-க்கு 224 பிக்சல். அதில் 8 பிக்சல் டைல்கள் 896 பிடிக்கும். 16 வண்ணங்களில் ஒரு டைலைச் சேமிக்க 32 பைட் வேண்டும். அப்படியென்றால் ஒரு முழு ஸ்கிரீனைத் தனிப் படமாக வரைந்தால் 28 கேபி. சுருக்காமல் வைத்தால், வெறும் 36 ஸ்கிரீன்களிலேயே கார்ட்ரிட்ஜ் நிரம்பிவிடும். கேமின் நிரலுக்கும் இசைக்கும் இடமே இருக்காது!

இதே சிக்கனத்தின் பிரபலமான உதாரணம் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’. 40 கேபி கேம் அது. அதில் வானத்தில் மிதக்கும் மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே வடிவம். வண்ணம் மட்டும்தான் வேறு.

இன்றைக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. சாதாரண லேப்டாப்பிலேயே ஆயிரக்கணக்கான டைல்களை ஏற்றலாம். ஆனாலும் ஃபேன் கேம் உலகம் டைலை விடவில்லை. பழைய கேமின் தோற்றமே அந்தச் சிக்கனத்தில் இருந்து பிறந்தது என்பது ஒரு காரணம். இன்னொன்று, ரொம்ப நடைமுறையானது: தனியாளாக வேலை செய்பவரால் நூறு அறைகளை வரைய முடியாது. நூறு டைல்களை வரைந்து நூறு அறைகளைக் கட்ட முடியும்.

கோட்டை வேறு, அரண்மனை வேறு

பேச்சுவழக்கில் இரண்டையும் கலந்து சொல்லிவிடுகிறோம். டைல் வரைபவருக்கு இரண்டும் வெவ்வேறு தலைவலி.

கோட்டை என்பது பயம். தடித்த மதில், சின்ன ஜன்னல், அகழி, மேலே பல் பல்லாக நிற்கும் சுவர் முகப்பு. (வில்லாளிகள் மறைந்து நின்று அம்பு விடும் அந்தப் பகுதிக்குப் பழந்தமிழில் ‘ஞாயில்’ என்று அழகான பெயரே உண்டு.) எதிரியை வெளியே நிறுத்தக் கட்டியது என்பதால் கோட்டையின் வேலை பெரும்பாலும் வெளிப்புறத்தில். அரண்மனைக்கு நேர் எதிர். அது உள்ளே வருபவரை அசர வைக்கக் கட்டியது. நீளமான ஹால், இரண்டு பக்கமும் தூண்கள், நடுவே சிவப்புக் கம்பளம், கடைசியில் சிம்மாசனம். இங்கே வேலை முழுக்க உட்புறத்தில்.

டைல் கணக்கில் இதன் அர்த்தம் என்ன? கோட்டைக்கு ஒரே மாதிரியான கல்லை எவ்வளவு தூரம் நீட்டினாலும் அலுக்காமல் காட்டத் தெரிய வேண்டும். அரண்மனைக்கு இடமும் வலமும் பிசகாத சமச்சீர் வேண்டும்.

செங்கல்லில் இருக்கிறது சூட்சுமம்

ஒரு கல் சுவர் டைலை வரைவது பார்க்கச் சுலபம். 16-க்கு 16 கட்டம், நாலு வரிசை கல், அவ்ளோதானே? வரைந்து, பக்கத்துப் பக்கத்தில் பத்து டைல்களை அடுக்கிப் பாருங்கள். சுவர் தெரியாது, கட்டம் போட்ட நோட்டுதான் தெரியும். டைலின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு விழுந்து, மேலிருந்து கீழ்வரை ஓடும்.

கொத்தனாரைக் கேட்டால் இதற்குப் பதில் சொல்லிவிடுவார். நிஜச் சுவரில் மேல் வரிசைக் கல்லின் இணைப்பும் கீழ் வரிசைக் கல்லின் இணைப்பும் ஒரே நேர்கோட்டில் வராது. பாதிக் கல் தள்ளி வைப்பார்கள். டைலிலும் அதேதான். ஒரு கல் 8 பிக்சல் அகலம், காரைக்கோட்டையும் சேர்த்து 4 பிக்சல் உயரம் என்று வைத்தால், 16 பிக்சல் டைலில் ஒரு வரிசைக்கு இரண்டு கல்லாக, நான்கு வரிசை கச்சிதமாக உட்காரும். அடுத்தடுத்த வரிசையை 4 பிக்சல் தள்ளி வைத்தால், ஓரத்தில் ஒரு கல் பாதியாக வெட்டுப்படும். அந்த மிச்சப் பாதி டைலின் எதிர் விளிம்பில் இருக்க வேண்டும். பக்கத்தில் அதே டைலை வைக்கும்போது இரண்டு பாதியும் சேர்ந்து ஒரு முழுக் கல்லாகிவிடும். விளிம்பு எங்கே என்றே கண்ணுக்குத் தெரியாது.

கல்லின் அகலத்தை 7 பிக்சல் என்றோ 5 பிக்சல் என்றோ ஆசைக்கு வைத்தால் இந்தக் கணக்கு உதைக்கும். 16-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்ணாக இருந்தால் தொல்லையில்லை. இல்லையென்றால், வெவ்வேறு அளவுக் கற்களைக் கலந்து மொத்தம் 16 வருகிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரிபார்க்க ஒரு பழைய உத்தி இருக்கிறது. வரைந்த படத்தைப் பாதி அளவு, அதாவது 8 பிக்சல், பக்கவாட்டில் நகர்த்தி, வெளியே தள்ளப்பட்ட பகுதியை மறுபக்கம் ஒட்ட வேண்டும். இப்போது பழைய விளிம்புகள் படத்தின் நடுவுக்கு வந்துவிடும். ஒட்டு சரியில்லை என்றால் அங்கேயே பளிச்சென்று தெரிந்துவிடும். கிம்ப் போன்ற இலவச மென்பொருளிலேயே இதற்கு வசதி உண்டு. பிக்சல் ஆர்ட்டுக்கென்றே இருக்கும் ஏஸ்ப்ரைட்டில், ஒரு டைலைத் திருத்தும்போதே அது சுற்றிலும் எப்படித் தெரியும் என்று நேரடியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

விளிம்பு மறைந்தாலும் இன்னொரு சிக்கல் பாக்கி. ஒரு கல்லில் மட்டும் அழகாக ஒரு விரிசல் வரைந்திருப்பார்கள். டைல் ஒன்றாக இருக்கும்போது அது அம்சமாக இருக்கும். நாற்பது முறை அடுக்கியதும், நாற்பது விரிசல்களும் அணிவகுப்பு மாதிரி வரிசையில் நிற்கும்! அதனால் அடிப்படைச் சுவர் டைல் எவ்வளவுக்கு எவ்வளவு சாதுவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. விரிசல், பாசி, உடைந்த மூலை எல்லாம் தனித்தனி மாற்று டைல்கள். உப்பு மாதிரி அங்கங்கே தூவினால் போதும்.

இதில் விரிசல் விஷயம் வெறும் அழகு சம்பந்தப்பட்டதும் இல்லை. 1986-ல் வந்த முதல் ஸெல்டா கேமில் எந்தச் சுவரை வெடிவைத்து உடைக்கலாம் என்பதற்கு எந்த அடையாளமும் இருக்காது. ஒவ்வொரு சுவரிலும் வெடிவைத்துப் பார்க்க வேண்டியதுதான். ‘ஏ லிங்க் டு தி பாஸ்ட்’ வந்தபோது சுவரில் விரிசல் டைல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வளர்ந்த ரசிகர்களுக்கு, விரிசல் என்றால் ‘இங்கே வெடி வை’ என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் விளையாடும் கேமில் அழகுக்காக இஷ்டத்துக்கு விரிசல் போட்டால், அவர் எல்லாச் சுவரிலும் வெடிவைத்து ஏமாறுவார். எந்த விரிசல் சும்மா, எந்த விரிசல் கதவு என்பதை ஒரே பார்வையில் பிரித்துக் காட்டுவதும் டைல் வரைபவரின் பொறுப்புதான்.

மூலைக்கு மூலை ஒரு கணக்கு

நேர் சுவர் ஓகே. திரும்பும் இடம்?

சிவப்புக் கம்பளத்தை எடுத்துக்கொள்வோம். செவ்வகமாக ஒரு கம்பளம் விரிக்க 9 டைல்கள் வேண்டும்: நான்கு மூலை, நான்கு ஓரம், நடுவே ஒன்று. கம்பளம் ‘எல்’ வடிவில் திரும்ப வேண்டுமா? உள்மூலைகள் நான்கு சேர்ந்து 13 ஆகிவிடும். ஒரே டைல் அகலத்தில் ஒல்லியாக ஓடும் பாதை, அதன் நுனி, குறுக்குச் சந்திப்பு எல்லாம் வேண்டுமென்றால் இன்னும் ஏறும்.

இதை முறையாகக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேலே, கீழே, இடம், வலம் என நான்கு அண்டை வீடுகள். ஒவ்வொன்றிலும் கம்பளம் இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம். இரண்டு இரண்டாகப் பெருக்கினால் 16 விதம். குறுக்கு மூலைகளில் இருக்கும் நான்கு அண்டைகளையும் சேர்த்தால் 256 விதம் வரும். பயப்பட வேண்டாம். ஒரு மூலைக்கு இரண்டு பக்கமும் கம்பளம் இருந்தால்தான் அந்த மூலை நிரம்பியிருக்கிறதா இல்லையா என்பதே கண்ணுக்குத் தெரியும். தேவையில்லாதவற்றைக் கழித்தால் 47-ல் வந்து நிற்கும். இந்த 47 என்ற எண் டைல் வரைபவர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம்.

47 டைல்களையும் வரைந்து கொடுத்துவிட்டால், எது எங்கே வர வேண்டும் என்பதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ‘ஆட்டோடைல்’ என்பார்கள். மவுஸை இழுத்தால் போதும், கம்பளம் தானாக மூலை திரும்பும். டைல்டு என்ற இலவச மேப் எடிட்டரில் இந்த வசதி இருக்கிறது. ஆர்பிஜி மேக்கர் இன்னும் சாமர்த்தியம். டைலைக் கால் கால் துண்டாக வெட்டி ஒட்டிக்கொள்வதால் 47-ஐயும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை.

இந்த ஐடியாவுக்கு ஒரு கணிதப் பின்னணியும் உண்டு. ஹாவோ வாங் என்ற கணித அறிஞர் 1961-ல் ஒரு கேள்வி கேட்டார்: ஓரங்களில் வண்ணம் பூசிய சில வகைச் சதுரங்களைக் கொடுத்து, ஒரே வண்ண ஓரங்கள்தான் ஒட்ட வேண்டும் என்று சொன்னால், முடிவில்லாத தரையை நிரப்ப முடியுமா என்று எப்போதும் கண்டுபிடித்துவிடலாமா? 1966-ல் ராபர்ட் பெர்கர் என்பவர், எல்லா நேரத்திலும் பதில் சொல்லும் ஒரு பொது வழிமுறை சாத்தியமே இல்லை என்று நிரூபித்தார். நல்லவேளை, ஃபேன் கேம் கோட்டைகள் முடிவில்லாதவை அல்ல.

தெற்குச் சுவர் எங்கே போச்சு?

புதிதாக வரைபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஸெல்டா மாதிரி கேம்களில் கேமரா எங்கே இருக்கிறது? தரையைப் பார்த்தால் நேர் மேலே இருந்து பார்ப்பது போல இருக்கும். சுவரைப் பார்த்தால் எதிரே நின்று பார்ப்பது போல இருக்கும். ஹீரோவைப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே. நிஜ உலகில் இப்படி ஒரு கோணம் கிடையவே கிடையாது! ஆனால் கண் இதை ஏற்றுக்கொள்கிறது.

இந்தப் பொய்யான கோணத்தில் அறையின் வடக்குச் சுவர் முழு உயரத்துக்கும் தெரியும். ஜன்னல், கொடி, தீப்பந்தம் எல்லாம் அங்கேதான் மாட்ட முடியும். தெற்குச் சுவரின் உள்பக்கம் தெரியவே தெரியாது. அதன் மேல்விளிம்பு மட்டும்தான் தெரிய வேண்டும். இதை மறந்துவிட்டு நான்கு பக்கமும் ஒரே சுவர் டைலை ஒட்டினால் அறை தலைகீழாகக் கவிழ்ந்தது போல இருக்கும். ‘ஏ லிங்க் டு தி பாஸ்ட்’ தன் கோட்டை அறைகளில் வேறு வழியில் போனது. பெட்டிக்குள் மேலிருந்து எட்டிப் பார்ப்பது போல நான்கு சுவர்களையும் வெளிப்பக்கமாகச் சாய்த்து வரைந்தார்கள். கோட்டைக்கு வெளியே வந்தால் முன்பக்கச் சுவர் மட்டும். உள்ளே ஒரு கோணம், வெளியே ஒரு கோணம். விளையாடும்போது யாரும் இதைக் கவனிப்பதுகூட இல்லை.

ஹீரோ கோபுரத்துக்குப் பின்னால் நடந்தால் மறைய வேண்டும், முன்னால் நடந்தால் தெரிய வேண்டும். அதற்காகக் கோபுரத்தின் அடியைக் கீழ் அடுக்கிலும், உச்சியை மேல் அடுக்கிலும் தனித்தனி டைலாக வைப்பார்கள். எந்த இடத்தில் வெட்டுவது என்று முன்பே யோசிக்காமல் கோபுரத்தை வரைந்துவிட்டால், ஹீரோவின் தலை மட்டும் கல்லுக்குள் இருந்து எட்டிப் பார்க்கும் காமெடி நடக்கும்.

வெளிச்சம் எந்தப் பக்கம்?

அரண்மனை சமச்சீர் என்று சொன்னோம் இல்லையா? அப்படியென்றால் இடப்பக்கத்தை மட்டும் வரைந்து கண்ணாடி மாதிரி திருப்பினால் பாதி வேலை மிச்சம். சூப்பர் நின்டெண்டோவின் வன்பொருளே பின்னணி டைல்களைத் திருப்பிக் காட்டும். அதற்கு முந்தைய என்இஎஸ்ஸில் பாத்திரங்களை மட்டும்தான் திருப்ப முடியும், பின்னணியை முடியாது.

ஆனால் ஒரு வில்லங்கம். பிக்சல் ஆர்ட்டில் வெளிச்சம் பொதுவாக இடது மேல் மூலையில் இருந்து விழுவதாக வரைவார்கள். அப்படி வரைந்த தூணைத் திருப்பினால், வெளிச்சம் வலது பக்கம் போய்விடும். ஒரே ஹாலில் இரண்டு சூரியன்! இதைத் தவிர்க்கத்தான் அரண்மனைத் தூண்களுக்கு வெளிச்சத்தை நேர் மேலே, நடுவில் வைப்பது. இரண்டு விளிம்பும் இருட்டு, நடுவே பளபளப்பு. திருப்பினாலும் மாறாது, தூண் உருண்டையாகவும் தெரியும். தூணை அடி, நடு, தலை என்று மூன்றாகப் பிரித்து, நடுத் துண்டை மட்டும் தேவையான அளவு அடுக்கினால் எவ்வளவு உயரமும் போகலாம்.

வண்ணமும் இஷ்டத்துக்கு இல்லை. என்இஎஸ்ஸில் பின்னணிக்கு மொத்தமே நான்கு பேலட். ஒவ்வொன்றிலும் மூன்று வண்ணம், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வண்ணம். ஆக ஒரு ஸ்கிரீனில் 13 வண்ணங்கள்தான். அதோடு, 16-க்கு 16 பிக்சல் கட்டத்துக்குள் ஒரு பேலட்டைத்தான் பயன்படுத்த முடியும். சாம்பல் சுவரில் பழுப்புக் கதவு வேண்டுமென்றால் கதவு அந்தக் கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும். சூப்பர் நின்டெண்டோவில் ஒரு பேலட்டுக்கு 15 வண்ணம் கிடைத்தது. அதிலும் பேலட்டை மட்டும் மாற்றி, அதே கல்லை ஓரிடத்தில் பச்சை பூத்த பாதாளச் சிறையாகவும் இன்னோர் இடத்தில் தங்க நிற அரண்மனையாகவும் காட்டுவது சகஜம்.

இன்றைய ஃபேன் கேம்காரர்கள் பலர் இந்த வரம்புகளைத் தாங்களாகவே விதித்துக்கொள்கிறார்கள். வம்புக்காக இல்லை. வண்ணம் குறைவாக இருந்தால்தான் ஆறு மாதம் கழித்து வரையும் டைலும் முதல் நாள் வரைந்த டைலும் ஒரே குடும்பம் மாதிரி இருக்கும்.

அரண்மனை என்றதும் பளிங்குத் தரை, கறுப்பு வெள்ளைக் கட்டம் என்று பலருக்கு ஆசை வரும். தனிப் படமாகப் பார்க்க அட்டகாசமாக இருக்கும். அதன்மேல் 16 பிக்சல் அகல ஹீரோவும் நாலு எதிரிகளும் ஓடினால் ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாது. தரை அடங்கி இருக்க வேண்டும், சுவர் அழுத்தமாக நிற்க வேண்டும். ‘இங்கே நடக்கலாம், அங்கே முடியாது’ என்பதை யோசிக்காமலே விரல் புரிந்துகொள்ளும் அளவுக்கு வித்தியாசம் வேண்டும்.

சுட்டு ஒட்டலாமா?

இவ்வளவு கஷ்டம் எதற்கு, பழைய கேமில் இருந்து அப்படியே டைல்களை உருவி எடுத்தால் என்ன? நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஃபேன் கேம் உலகின் கணிசமான பகுதி அப்படி உருவிய கிராபிக்ஸில்தான் நிற்கிறது. 1999-ல் வந்த ‘ஸெல்டா கிளாசிக்’ என்ற ரசிகர் மென்பொருள் முதல் ஸெல்டாவைக் கணினியில் மறு உருவாக்கம் செய்தது. கூடவே வந்த எடிட்டரில் ரசிகர்கள் தங்கள் சொந்தக் கோட்டைகளைக் கட்டத் தொடங்கினார்கள். பிரான்ஸில் 2002-ல் ‘மிஸ்டரி ஆஃப் சோலாரஸ்’ என்று ‘ஏ லிங்க் டு தி பாஸ்ட்’டின் தொடர்ச்சி மாதிரி ஒரு ஃபேன் கேம் ஆர்பிஜி மேக்கரில் வந்தது. 2011-ல் அதையே சொந்த எஞ்சினில் மறுபடி செய்து வெளியிட்டார்கள்.

ஆனால் உருவிய டைல் என்பது அடுத்தவர் நிலத்தில் கட்டிய வீடு. 2016-ல் முதல் ஸெல்டாவின் 30-வது ஆண்டுக்காக, பிரவுசரிலேயே விளையாடும்படி ரசிகர்கள் செய்த 3டி மறு உருவாக்கம் கொஞ்ச நாளிலேயே நின்டெண்டோவின் புகாரால் நீக்கப்பட்டது. அதே வருஷம் ஆகஸ்ட்டில் ‘ஏஎம்2ஆர்’ வெளியானது. ‘மெட்ராய்டு 2’ கேமை ஒரு ரசிகர் பத்து வருஷம் போலச் செதுக்கி மறு உருவாக்கம் செய்திருந்தார். அதன் டவுன்லோடு லிங்குகளும் நோட்டீஸால் இறக்கப்பட்டன. அடுத்த வருஷமே அதே கேமின் அதிகாரப்பூர்வ மறு உருவாக்கத்தை நின்டெண்டோ வெளியிட்டது.

எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி இல்லை. ‘கிங்ஸ் குவெஸ்ட்’ தொடரின் ரசிகர்கள் செய்த ‘தி சில்வர் லைனிங்’ (இது டைல் கேம் அல்ல, 3டி) 2005-ல் ஒருமுறையும் 2010-ல் ஒருமுறையும் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வாங்கியது. இரண்டு முறையும் உரிமை வைத்திருந்த நிறுவனங்கள் பிறகு மனம் மாறி அனுமதித்தன. 2010 ஜூலையில் முதல் பாகம் வெளியே வந்தது. சேகா இன்னும் ஒரு படி மேல். சோனிக் ஃபேன் கேம்கள் செய்துகொண்டிருந்தவர்களையே வேலைக்கு அமர்த்தி, 2017-ல் ‘சோனிக் மேனியா’வை அதிகாரப்பூர்வமாக வெளியிட்டது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். டைல்களைச் சொந்தமாக வரைந்துவிட்டால் ஃபேன் கேம் சட்டப்படி பத்திரம் என்று அர்த்தமில்லை. லிங்க் என்ற பாத்திரமும், ஸெல்டா என்ற பெயரும் நின்டெண்டோவின் சொத்து. ‘நாங்க காசு வாங்கலையே’ என்பதும் முழுப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் நோட்டீஸ் வந்த மறுநாள் கையில் என்ன மிஞ்சும் என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது. உருவிய டைலில் கட்டியவருக்கு மிஞ்சுவது நிரலும் மேப்பின் அமைப்பும்தான். கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும். சொந்தக் கல்லில் கட்டியவர், ஹீரோவின் தொப்பியையும் பெயரையும் மாற்றிவிட்டு அதே கோட்டையோடு வேறு கேமுக்குப் போகலாம். படம் வரைந்த கணத்திலேயே அதன் காப்புரிமை வரைந்தவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதுகூட இல்லை.

நின்டெண்டோ டைலின் வண்ணத்தை மாற்றி, இரண்டு கல் சேர்த்து, ‘என் டைல்’ என்று சொல்வதும் நடக்கிறது. அது மாற்றப்பட்ட நகல்தான். பழைய கேமைப் பார்த்துக் கற்றுக்கொள்வது வேறு, அதன் பிக்சல்களின் மேலேயே வரைவது வேறு.

இலவசமாகக் கிடைக்கும் கல்

சொந்தமாக வரைய நேரமோ கையோ இல்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. 2012-ல் கிரியேட்டிவ் காமன்ஸ், இலவச மென்பொருள் அறக்கட்டளை, ஓப்பன்கேம்ஆர்ட் ஆகியவை சேர்ந்து ‘லிபரேட்டட் பிக்சல் கப்’ என்ற போட்டியை நடத்தின. அதன் புத்திசாலித்தனம், போட்டிக்கு முன்பே ஒரு பாணிக் கையேட்டை வெளியிட்டதுதான். டைல் 32-க்கு 32 பிக்சல், கோணம் இப்படி, வெளிச்சம் இப்படி, நிழல் இப்படி என்று விதித்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத கலைஞர்கள் வரைந்தவையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினால் பொருந்தின. போட்டி முடிந்த பிறகும் அந்தத் தொகுப்பில் ஆட்கள் சேர்த்துக்கொண்டே போனார்கள். கோட்டைச் சுவரும் அரண்மனைத் தரையும் அதில் உண்டு.

இலவசம் என்றால் நிபந்தனையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வரைந்த ஒவ்வொருவரின் பெயரையும் குறிப்பிட வேண்டும். மாற்றி வரைந்தால் அதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். அந்த டைலின் பக்கத்தில் நின்டெண்டோவில் இருந்து உருவிய ஒரு கதவை ஒட்டி ஒரே படமாக்கினால், கொடுக்க உரிமை இல்லாத ஒன்றையும் சேர்த்து இலவசமாகக் கொடுப்பதாக ஆகிவிடும். இந்தத் தப்பு சகஜமாக நடக்கிறது.

சோலாரஸ் குழுவினரும் இந்தப் பக்கம் நகர்ந்தார்கள். எஞ்சினை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிட்டு, நின்டெண்டோ கிராபிக்ஸ் கலக்காத தொகுப்புகளையும் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்த எஞ்சினில் செய்யப்பட்ட ‘ஓஷன்ஸ் ஹார்ட்’ என்ற கேம் 2021-ல் ஸ்டீமில் விற்பனைக்கு வந்தது. பார்த்தவுடன் ஸெல்டா ஞாபகம் வரும். லிங்க்கும் இல்லை, ஹைரூலும் இல்லை.

குழுவாகச் செய்யும் ஃபேன் கேம்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அது நோட்டீஸ் இல்லாமலே வரும்: டைல் வரைபவர் பாதியில் போய்விடுவது. படிப்பு, வேலை, கல்யாணம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். சம்பளம் இல்லாத வேலையில் யாரையும் பிடித்து வைக்க முடியாது. பாதிக் கோட்டை ஒருவர் கையிலும் மீதிக் கோட்டை இன்னொருவர் கையிலும் வரையப்பட்டால், கதவைத் தாண்டியதும் வேறு கேமுக்குள் வந்த மாதிரி இருக்கும். பேலட் கோப்பு, கல்லின் அளவு, வெளிச்சத்தின் திசை, சுவரின் உயரம் எத்தனை டைல் என்ற நான்கையும் முதல் வாரமே எழுதி வைத்துக்கொண்ட குழுக்களில், புதிதாக வருபவர் விட்ட இடத்தில் இருந்து தொடர முடிகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு முயன்று பார்க்க நினைப்பவர்கள் சிம்மாசனத்தில் இருந்து ஆரம்பிக்க வேண்டாம். ஒரு தரை டைல், வடக்குச் சுவருக்கு மேல் கீழாக இரண்டு டைல், தெற்கு விளிம்புக்கு ஒன்று, பக்கங்களுக்கும் மூலைகளுக்கும் தேவையானவை, ஒரு கதவு. மொத்தம் பதினைந்துக்குள் அடங்கிவிடும். அதில் ஒரே ஒரு அறை கட்டி, ஒரு பொம்மை ஹீரோவை உள்ளே நடக்கவிட்டுப் பாருங்கள். கதவின் அகலம் போதுமா, சுவர் உயரம் சரியா, தரை கண்ணை உறுத்துகிறதா என்பதெல்லாம் அந்த அறையிலேயே தெரிந்துவிடும். கொடி, தீப்பந்தம், கம்பளமெல்லாம் அதற்கப்புறம்.